கிரீட் தீவில் குறைந்த செலவில் கடற்கரை விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க நாட்டின் மிகப் பெரிய தீவு கிரீட். மத்தியதரைக் கடல் தீவுகளில் சிசிலி, சார்டினியா, சைப்ரஸ், கோர்சிகா ஆகியவற்றுக்கு அடுத்த இடம் இதற்கு. கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்தத் தீவு, குறுகலான இடத்தில் 12 கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். நடுவே முதுகெலும்பு போல மலைத்தொடர் ஓடுகிறது. வடகரையில் நகரங்களும் நெடுஞ்சாலையும் உள்ளன. தென்கரையில் செங்குத்தான மலைகளின் அடியில் சிறு மீனவ ஊர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த அமைப்பு மனத்தில் பதிந்துவிட்டால், எங்கே காசு கரையும், எங்கே மிஞ்சும் என்பதும் விளங்கத் தொடங்கும்.

கடற்கரைக்குள் நுழையக் கட்டணம் உண்டா?

இல்லை. கிரேக்கச் சட்டப்படி கடலோரமும் அதை ஒட்டிய மணற்பரப்பும் பொதுமக்களின் உடைமை. விடுதியோ உணவகமோ தன் முன்னால் இருக்கும் மணலைத் தனக்கே உரியது என்று வேலி போட முடியாது. குடை, படுக்கை போடுவோர் அந்த இடத்தை அரசிடம் குத்தகைக்கு எடுத்துத்தான் போடுகிறார்கள்.

இந்த உரிமை தானாக நிலைத்திருக்கவில்லை. 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள், கரை முழுவதையும் வாடகைப் படுக்கைகள் அடைத்துக்கொள்வதை எதிர்த்துத் துண்டுகளுடன் மணலில் இறங்கிப் போராடினார்கள். ‘துண்டு இயக்கம்’ என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் மற்றத் தீவுகளுக்கும் பரவியது. 2024இல் வந்த புதிய சட்டத்தின்படி, குத்தகைக்கு விடப்படும் கரையில் 70 விழுக்காட்டுப் பரப்பு படுக்கைகள் இல்லாமல் திறந்தே இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் இது 85 விழுக்காடு. நீர் விளிம்பிலிருந்து நான்கு மீட்டருக்குள் எதையும் போடக் கூடாது. மீறல்களைப் புகார் செய்வதற்கு ‘மைகோஸ்ட்’ என்ற அரசுச் செயலியும் இருக்கிறது. ஆகவே ஒருவர் வந்து, “இங்கே துண்டு விரிக்கக் கூடாது” என்று சொன்னால் அது எல்லாச் சமயத்திலும் சரியாக இருக்க வேண்டியதில்லை. அமைதியாகச் சற்றுத் தள்ளி, குத்தகை எல்லைக்கு வெளியே விரித்துக்கொள்ளுங்கள். அந்த இடம் உங்களுடையதும்தான்.

நுழைவுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், வண்டி நிறுத்துவதற்குச் சில இடங்களில் கட்டணம் உண்டு.

சாய்வுப் படுக்கையை வாடகைக்கு எடுக்காமல் சமாளிக்க முடியுமா?

முடியும். நாள்தோறும் மிச்சம் பிடிப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. இரண்டு படுக்கையும் ஒரு குடையும் சேர்ந்து சாதாரணக் கரைகளில் பெரும்பாலும் 10 முதல் 20 யூரோ வரை ஆகும். பெயர்பெற்ற இடங்களில் முதல் வரிசைக்கு அதற்கும் மேல் கேட்பார்கள். பத்து நாளைக்குக் கணக்குப் போட்டால் இருவருடைய பல வேளைச் சாப்பாட்டுச் செலவு அதில் அடங்கிவிடும்.

மாற்று என்ன? நிழல்தான் முதல் தேவை. கிரீட்டின் பல கரைகளில் தமரிஸ்க் என்ற மரம் வரிசையாக நிற்கும். உப்புக்காற்றைத் தாங்கும் மெல்லிய இலைகள் கொண்டது; தூரத்திலிருந்து பார்த்தால் நம் சவுக்கு நினைவுக்கு வரும். காலை ஒன்பதரைக்குள் போய்ச் சேர்ந்தால் அந்த நிழல் கிடைக்கும், பதினொன்றுக்குப் போனால் கிடைக்காது. மரம் இல்லாத கரைகளுக்கு ஊர்க் கடைகளில் விற்கும் மலிவான குடை ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அதன் விலை ஒரு நாள் படுக்கை வாடகைக்குள் அடங்கிவிடும். ஊன்றும்போது காம்பை ஆழமாகப் புதைத்து அடியில் கல் அடுக்குங்கள். காற்றில் பறக்கும் குடை பக்கத்தில் படுத்திருப்பவரைக் காயப்படுத்திவிடும்.

சில கடலோர உணவகங்கள், தங்களிடம் சாப்பிட்டாலோ காப்பி குடித்தாலோ படுக்கையை இலவசமாகத் தருகின்றன. எப்படியும் மதியம் அங்கேதான் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் குறைந்தது எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று உட்காரும் முன்னரே கேட்டுவிட வேண்டும்.

எந்த மாதம் சிக்கனமானது?

ஜூலையும் ஆகஸ்டும் விலை உச்சத்தில் இருக்கும். அதிலும் ஆகஸ்ட் 15, அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டிய வாரத்தில் கிரேக்கர்களே தங்கள் ஊர்களுக்கும் தீவுகளுக்கும் திரும்புவதால், கப்பலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது அரிது. இந்த இரு மாதங்களில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று நாள் கணக்கில் வீசும். வடகரையில் அலை எழும்பிவிடும்.

என் தேர்வு செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபர் முதல் பாதியும். கோடை முழுவதும் சூடேறிய கடல் மெதுவாகத்தான் ஆறும். ஆகஸ்டில் 25, 26 பாகை செல்சியஸ் இருந்த நீர், அக்டோபரிலும் 22, 23 பாகையில் நிற்கும். மே மாதத்திலும் அறை மலிவுதான், காட்டுப் பூக்களும் இருக்கும். ஆனால் கடல் 19, 20 பாகைதான். வெதுவெதுப்பான நீருக்குப் பழகியவர்களுக்கு அது குளிராகவே படும். அக்டோபர் கடைசிக்குள் தொலைதூரக் கரைகளுக்கான பருவப் பேருந்துகள் பெரும்பாலும் நின்றுவிடும், மழையும் தொடங்கிவிடும். எனவே அதற்குப் பின் செல்வது கடற்கரைக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காக இருக்கட்டும்.

எந்த ஊரில் தங்கினால் செலவு குறையும்?

மொத்தச் செலவையும் தீர்மானிப்பது இந்த ஒரு முடிவுதான் என்று எண்ணுகிறேன். அறை வாடகை நாளுக்கு ஐந்து யூரோ குறைவு என்று பார்த்து, பேருந்து வராத மலைச்சரிவில் வீடு எடுத்தவர், அதைப் போல் பல மடங்கை வாடகைக் காருக்கும் எரிபொருளுக்கும் கொடுக்க நேரும். அறையிலிருந்து கால்நடையாகவே கடலில் இறங்கக்கூடிய ஊராகவும், பேருந்து நிலையம் உள்ள ஊராகவும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வடகரையில் இதற்கு மிகப் பொருத்தமானது ரெத்திம்னோ. வெனிசியர்கள் கட்டிய பழைய துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே மணற்கரை தொடங்கி, கிழக்கே பத்து கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. மேற்கே 60 கிலோமீட்டரில் ஹானியா, கிழக்கே 80 கிலோமீட்டரில் தலைநகர் ஹெராக்லியன். இரண்டுக்கும் அடிக்கடி பேருந்து உண்டு.

ஹானியா சற்று விலை கூடுதல், ஆனால் அழகு அதற்கு ஈடு செய்யும். பழைய துறைமுகத்திலிருந்து மேற்கே கால் மணி நேரம் நடந்தால் நேயா ஹோரா என்ற நகரக் கடற்கரை. ஆழம் மெல்லக் கூடும் மணல், கரையோரமாக மீன் உணவகங்கள், மாலையில் உள்ளூர்ப் பாட்டிமார் கழுத்தளவு நீரில் நின்று மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கும் காட்சி. தூரத்துக் கரைகளையே துரத்திச் செல்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். நகரத்துக்கு மேற்கே ப்லத்தானியாஸ் வரையிலும் கரையை ஒட்டியே பேருந்துச் சாலை போவதால், ஒரு பயணச்சீட்டில் வேறொரு கரைக்குப் போய் வரலாம்.

ஹெராக்லியனில் தங்க நேர்ந்தால், நகரப் பேருந்திலேயே மேற்கே அம்முதாராவுக்கும் கிழக்கே அம்னிசோஸ் பக்கமும் செல்லலாம். அம்னிசோஸ், கிரீட்டின் பண்டைய மினோவர் நாகரிகக் காலத்தில் க்னோசோஸ் அரண்மனையின் துறைமுகமாக இருந்த இடம். விமான நிலையத்துக்கு அருகில் இருப்பதால் விமானங்கள் தலைக்கு மேலேயே இறங்கும். அதைப் பொறுத்துக்கொள்வோருக்குக் குறை ஒன்றும் இல்லை.

கார் இல்லாமல் நல்ல கரைகளைப் பார்க்க முடியுமா?

பெரும்பாலானவற்றைப் பார்க்கலாம். கிரேக்கம் முழுவதும் ‘கேடெல்’ என்று அழைக்கப்படும் பேருந்துக் கூட்டமைப்புகள் இயங்குகின்றன. கிரீட்டில் மேற்குப் பகுதிக்கு ஹானியா–ரெத்திம்னோ கேடெல், கிழக்குப் பகுதிக்கு ஹெராக்லியன்–லசித்தி கேடெல் என்று இரண்டு உள்ளன. வடகரை நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகள் அடிக்கடி வரும், நேரம் தவறுவதில்லை. தென்கரைக்கும் தொலைவிலுள்ள கரைகளுக்கும் நாளுக்கு ஒன்று முதல் மூன்று வண்டிகளே இருக்கலாம். ஆகையால் காலையில் புறப்படும் நேரத்தைவிட, மாலையில் திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் டாக்சிக்குக் கொடுக்கும் தொகை ஒரு வாரச் சேமிப்பைத் தின்றுவிடும். நகரப் பேருந்துக்கு உரிய சீட்டைப் பெட்டிக்கடையிலோ இயந்திரத்திலோ முன்னதாக வாங்கினால், வண்டியில் வாங்குவதைவிடக் குறைவு.

மூன்று நான்கு பேராகப் போகிறவர்கள், விடுமுறை முழுவதும் கார் வைத்திருக்காமல் இரண்டு நாளைக்கு மட்டும் எடுத்துத் தொலைவிலுள்ள இடங்களை அந்த இரு நாளில் முடித்துக்கொள்வது நல்லது. இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்போர் ஊரிலிருந்து புறப்படும் முன்னரே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிச் செல்ல வேண்டும்.

எலஃபோனிசியும் பாலோஸும் அவ்வளவு சிறப்பா? எப்படிப் போவது?

இரண்டும் சிறப்புத்தான், ஆனால் கூட்டமும் அதற்கேற்றபடி இருக்கும். எலஃபோனிசி, ஹானியாவிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தென்மேற்கே உள்ளது. கரைக்கும் ஒரு சிறு தீவுக்கும் இடையே முழங்கால் அளவு நீர் பரந்து கிடக்க, நடந்தே அந்தத் தீவுக்குச் செல்லலாம். நுண்ணுயிர்களின் செந்நிற ஓடுகளும் சிப்பித் துகள்களும் கலந்து, நீர் விளிம்பில் மணல் இளஞ்சிவப்பாகத் தெரியும். படங்களில் காட்டும் அளவுக்குக் கரை முழுவதும் சிவக்காது. அலை ஒதுங்கும் இடத்தில் கோடு போலத்தான் இருக்கும். ஒரு கைப்பிடி மணலைக்கூட எடுத்து வராதீர்கள். அது சட்டப்படி குற்றம். மேலும், வருகிற ஒவ்வொருவரும் ஒரு பிடி அள்ளினால் அந்த நிறம் மிஞ்சாது. கயிறு கட்டிய மணல்மேடுகளுக்குள்ளும் செல்லக் கூடாது. கோடையில் ஹானியாவிலிருந்து நேரடிப் பேருந்து உண்டு.

வடமேற்கு மூலையில் இருக்கும் பாலோஸ், பசுமையும் நீலமும் அடுக்கடுக்காகத் தெரியும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. கலிவியானி ஊரிலிருந்து செல்லும் பாதை சுமார் எட்டுக் கிலோமீட்டர் கரடுமுரடான மண் சாலை. வாடகைக் கார் நிறுவனங்கள் பல, அங்கே ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு பொருந்தாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ஒரு சக்கரம் கிழிந்தால் போதும், சிக்கனக் கணக்கு குலைந்துவிடும். கிஸ்ஸமோஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் செல்வதே பாதுகாப்பானது. அந்தக் கப்பல் கிராம்வூசா தீவிலும் நிற்கும். வெனிசியக் கோட்டைக்கு ஏறிப் பார்க்கலாம். கப்பலுக்குள் உணவு விலை அதிகம் என்பதால் ஹானியாவிலேயே பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பணமோ நேரமோ போதாது என்றால் ஃபலசார்னாவுக்குச் செல்லுங்கள். மேற்கு நோக்கிய மிக அகன்ற மணற்கரை. எத்தனை பேர் வந்தாலும் ஒதுங்க இடம் இருக்கும். பருவத்தில் ஹானியாவிலிருந்து பேருந்து வருகிறது. கரையின் வடக்கே பண்டைய துறைமுக நகரம் ஒன்றின் இடிபாடுகள் உண்டு. பொ.ஆ. 365ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் மேற்குக் கிரீட்டின் நிலத்தையே பல மீட்டர் உயரத் தூக்கிவிட்டது. அதனால் ஒருகாலத்தில் கப்பல் நின்ற துறை இன்று கடலைவிட்டு விலகி, உலர்ந்த நிலத்தில் நிற்கிறது. குளித்து முடித்து அந்தக் கற்களிடையே நடப்பதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தென்கரை உண்மையிலேயே மலிவா?

அறையும் உணவும் பெரும்பாலும் மலிவு. போய்ச் சேர்வதற்கு நேரம் ஆகும். என் மனத்தில் முதலிடம் தென்மேற்கே உள்ள பாலியோஹோராவுக்கு. ஊர் ஒரு குறுகிய தீபகற்பத்தின் மேல் அமைந்திருக்கிறது. மேற்கே பாஹியா அம்மோஸ் என்ற அகன்ற மணற்கரை, தமரிஸ்க் நிழலுடன். கிழக்கே கூழாங்கல் கரை. ஒரு பக்கம் காற்று வீசினால் ஐந்து நிமிடம் நடந்து மறுபக்கம் சென்றுவிடலாம். இந்த வசதி தீவில் வேறு எங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஹானியாவிலிருந்து பேருந்து உண்டு. வந்து சேர்ந்தபின் ஒரு வாரம் வண்டியே தேவைப்படாது.

அங்கிருந்து கிழக்கே சூகியா, அயியா ரூமெலி, லூத்ரோ, ஹோரா ஸ்ஃபாகியோன் என்று கரையோரக் கப்பல் செல்கிறது. அயியா ரூமெலிக்கும் லூத்ரோவுக்கும் சாலையே கிடையாது. கப்பலிலோ கால்நடையாகவோதான் போக முடியும். 16 கிலோமீட்டர் நீளமுள்ள சமாரியா பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வருவோர் அயியா ரூமெலியில்தான் கடலைக் காண்பார்கள். நடந்து களைத்த கால்களை அந்தக் கருங்கூழாங்கற்களுக்கு அப்பால் நீரில் வைக்கும்போது கிடைக்கும் சுகத்துக்கு எந்தச் சாய்வுப் படுக்கையும் ஈடாகாது. காற்று வலுத்தால் கப்பல் நின்றுபோகும். ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முந்தைய தினம் சாலை இல்லாத இந்த ஊர்களில் இருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்து மலையோரப் பாதையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தால் கிளிகா நெரா. ‘இனிய நீர்’ என்பது பெயரின் பொருள். கடலை ஒட்டிய கூழாங்கற்களைக் கையால் தோண்டினாலே குளிர்ந்த நன்னீர் ஊறி வரும். மலையில் பெய்த மழையும் உருகிய பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கடல் மட்டத்தில் வெளிப்படுவதால் இந்த ஊற்று. பாதையில் நிழல் இல்லை. மேலே கல் உருளும் இடங்களும் உண்டு. காலை எட்டுக்குள் கிளம்புங்கள், செருப்பு போதாது, பாதத்தை மூடும் காலணி அணிந்து போங்கள்.

நடுத் தென்கரையில் மத்தாலா, ஹெராக்லியனிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பாறையில் குடைந்த குகைகள் உரோமானியர் காலத்தில் கல்லறைகளாகவும், 1960களில் ஹிப்பி இளைஞர்களின் வீடுகளாகவும் இருந்தவை. பிரெவேலியில், ஓர் ஆறு ஈச்சந்தோப்பினூடே வந்து கடலில் கலக்கிறது. 2010இல் நெருப்பு அந்தத் தோப்பை எரித்துவிட்டது. மரங்கள் மீண்டும் துளிர்த்து வளர்ந்திருக்கின்றன. தீவின் கிழக்கு ஓரத்திலுள்ள வாயியில் அதே இன மரங்களால் ஆன பெருந்தோப்பு இருக்கிறது. நம் ஈச்ச மரத்தின் உறவு என்று சொல்லத்தக்க அந்த மரத்துக்குக் கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுச் செலவைக் குறைப்பது எப்படி? சைவ உணவு கிடைக்குமா?

காலைக்கும் மதியத்துக்கும் ரொட்டிக் கடையை நம்புங்கள். ‘ஃபூர்னோஸ்’ என்று பெயர்ப்பலகை இருக்கும். கீரை வைத்த ஸ்பனகோபிதா, பாலாடைக்கட்டி வைத்த கலிச்சூனியா ஆகியவை சூடாகக் கிடைக்கும். கடற்கரைக்கு எடுத்துச் செல்லவும் ஏற்றவை. ஒவ்வொரு ஊரிலும் வாரத்தில் ஒரு நாள் ‘லைக்கி’ என்ற திறந்தவெளிச் சந்தை கூடும். தக்காளி, வெள்ளரி, அத்தி, திராட்சை எல்லாம் அங்கே பேரங்காடியைவிடப் புதியவை. சந்தை முடியும் நேரத்தில் விலை இன்னும் இறங்கும். இறைச்சி உண்போருக்கு கீரோஸ் பிதா நான்கைந்து யூரோவில் வயிறு நிறைக்கும்.

சைவர்களுக்குக் கிரீட் நல்ல இடம். காரணம் மதம் சார்ந்தது: ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் பல நாட்கள் நோன்பிருந்து இறைச்சி, பால், முட்டை தவிர்ப்பார்கள். அந்நாட்களுக்கான ‘நிஸ்திசிமா’ உணவு வகைகள் அவர்கள் சமையலில் ஊறிப்போனவை. அவித்த காட்டுக்கீரையான ஹோர்த்தா, பருப்பை மசித்த ஃபாவா, பெரிய வெள்ளை அவரையில் செய்த கிகாந்தெஸ், எண்ணெயில் வேகவைத்த காய்கறி என்று பட்டியல் நீளும். ஆகஸ்ட் 1 முதல் 14 வரை நோன்புக்காலம் என்பதால் அப்போது இவை எளிதில் கிடைக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நோன்பு உணவில் கணவாயும் இறாலும் அனுமதிக்கப்பட்டவை. ஆகவே ‘நிஸ்திசிமா’ என்று கேட்டதோடு நின்றுவிடாமல், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் ‘ஹோர்தோஃபாகோஸ்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள்; சைவ உணவுக்காரர் என்பது பொருள். வாற்கோதுமைக் காய்ந்த ரொட்டியின் மேல் துருவிய தக்காளியும் மிசித்ரா பாலாடையும் வைத்த ‘தாகோஸ்’ ஒன்றே பகல் உணவுக்குப் போதும்.

இரவு உணவகத்தில் உட்கார்ந்தால், முடிவில் பழமோ இனிப்போ, ஒரு சிறு குப்பி ராக்கி என்ற உள்ளூர்ச் சாராயமோ கேளாமலே வரும். அது விருந்தோம்பல்; பட்டியலில் ஏறாது. ஆரம்பத்தில் வைக்கும் ரொட்டிக்குச் சிறு கட்டணம் இருக்கலாம். பணம் கட்டும்போது அச்சிட்ட இரசீது கேளுங்கள். இரசீது தராத கடைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. அதைப் பலகையிலும் எழுதி வைத்திருப்பார்கள். அரை லிட்டர் குடிநீர்ப் புட்டிக்கு அரசு உச்சவிலை நிர்ணயித்திருப்பதால், பெட்டிக்கடையில் தண்ணீர் வாங்க அஞ்ச வேண்டாம்.

அறை வாடகையோடு வேறு கட்டணம் சேருமா? கூடாரம் போடலாமா?

‘காலநிலை நெருக்கடித் தாங்குதிறன் கட்டணம்’ என்று ஒன்று உண்டு. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு என்ற கணக்கில், முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் சேராமல், விடுதியில் நேரடியாகக் கட்ட வேண்டியது. 2025 முதல், ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை, ஒன்று இரண்டு நட்சத்திர விடுதிகளுக்கு 2 யூரோ, மூன்று நட்சத்திரத்துக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. குறுகிய கால வாடகை வீடுகளுக்கு 8 யூரோ. ‘தொமாத்தியா’ என்று பலகை மாட்டிய குடும்ப அறைகளுக்கு 2 யூரோதான். பத்து இரவு தங்கினால் இந்த வேறுபாடு மட்டுமே 60 யூரோ ஆகும். அந்தக் குடும்ப அறைகளில் பெரும்பாலும் சிறு அடுப்பும் குளிர்பெட்டியும் இருக்கும். வீட்டுக்கார அம்மா தோட்டத்து எலுமிச்சையும் தருவார்.

உரிமம் பெற்ற கூடார முகாம்களில் தாராளமாகத் தங்கலாம். வெறும் கடற்கரையில் கூடாரம் அடிப்பது சட்டவிரோதம், அபராதம் விதிப்பார்கள்.

குழந்தைகள், முதியோர், நடக்க இயலாதோர் உடன் வந்தால்?

குழந்தைகளுக்கு எலஃபோனிசி, நேயா ஹோரா போன்ற ஆழம் குறைந்த கரைகள் ஏற்றவை. மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, பெரும்பாலான நாட்களில் நீர் குளம் போல் இருக்கும். அதனாலேயே ஏமாந்துவிடுகிறார்கள். வடக்குக் காற்று வீசும் நாளில் ஜியோர்ஜியூபோலி, அம்முதாரா முதலிய திறந்த வடகரைகளில் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உருவாகிறது; உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. சிவப்புக் கொடி பறந்தால் கணுக்காலுக்கு மேல் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் இருக்கும் கரையையும், அவர் பணியில் இருக்கும் நேரத்தையுமே தேர்ந்தெடுங்கள். அவசர அழைப்பு எண் 112.

பாறைப்பகுதிகளில் கடல் முள்ளெலிகள் ஒட்டியிருக்கும். மலிவான ரப்பர் நீர்க்காலணி வாங்கி அணிந்தால் போதும். மணலில் புதைந்திருக்கும் ‘திராக்கெனா’ என்ற மீன் கொட்டினால் கடும் வலி எடுக்கும். தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்தக் காலை அரை மணி நேரம் வைத்திருந்தால் வலி தணியும்.

சக்கர நாற்காலியில் இருப்போர் பிறர் உதவியின்றிக் கடலில் இறங்கி ஏற, ‘சீட்ராக்’ என்ற சூரிய ஆற்றல் இருக்கைத் தடம் கிரேக்கக் கரைகள் பலவற்றில் பொருத்தப்பட்டிருக்கிறது. கிரீட்டிலும் உண்டு, கட்டணம் கிடையாது. பிறர் தூக்கிச் செல்லாமல் தானே கடலுக்குள் செல்வது எத்தனை பெரிய காரியம் என்பது அதற்காக ஏங்கியவர்களுக்குத்தான் தெரியும். இப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அந்த வசதி உள்ள கரையை முதலில் கண்டறிந்து, அதன் பக்கத்திலேயே அறை எடுங்கள்.

மணலில் கம்பிக்கூண்டு போட்டிருப்பது எதற்கு?

அவை பெருந்தலைக் கடலாமைகளின் முட்டைக்குழிகள். ரெத்திம்னோ, ஹானியா வளைகுடா, மத்தாலா பக்கத்து மெசாரா வளைகுடா ஆகிய இடங்களில் கோடையில் தாய் ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும்; குஞ்சுகள் இலையுதிர்காலம் வரை வெளிவரும். 1983இல் தொடங்கிய ‘ஆர்க்கெலோன்’ அமைப்பின் தொண்டர்கள் குழிகளை அடையாளமிட்டுக் காக்கிறார்கள். கூண்டுக்கு அருகில் குடை ஊன்றாதீர்கள், இரவில் கரையில் விளக்கு அடிக்காதீர்கள், குழந்தைகள் தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். சிறு குஞ்சு அந்தப் பள்ளத்தில் விழுந்தால் கடலை அடையாது.

தீவுக்குச் செல்ல மலிவான வழி எது? விசா?

ஏதென்ஸ் வரை விமானத்தில் வந்து, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலில் ஏறினால் எட்டு ஒன்பது மணி நேரத்தில் ஹெராக்லியனுக்கோ ஹானியாவின் சூதா துறைமுகத்துக்கோ வந்துவிடலாம். அறையெடுக்காமல் இருக்கைச் சீட்டு வாங்கினால் ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சம். போர்வை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கப்பலின் குளிரூட்டி சற்றுக் கடுமையானது. ஐரோப்பிய நகரங்களிலிருந்து ஹெராக்லியன், ஹானியா இரண்டுக்கும் கோடையில் நேரடி விமானங்கள் உண்டு.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளோருக்கு ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் தேவை.

ஒரு வாரம்தான் இருக்கிறது. எப்படிப் பிரித்துக்கொள்வது?

காலையில் சூதாவில் இறங்கி, நகரப் பேருந்தில் ஹானியா வந்து மூன்று இரவு தங்குங்கள். முதல் நாள் நேயா ஹோராவில் இளைப்பாறுங்கள். இரண்டாம் நாள் ஃபலசார்னாவோ எலஃபோனிசியோ, ஒன்று மட்டும். மூன்றாம் நாள் சந்தை, பழைய நகரத் தெருக்கள், மாலைக் குளியல். நான்காம் நாள் பேருந்தில் பாலியோஹோரா சென்று மூன்று இரவு. அங்கே திட்டம் எதுவும் வேண்டாம். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து மறுபக்கக் கரைக்குப் போங்கள், கடல் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் மட்டும் கப்பலேறிச் சூகியாவைப் பார்த்து வாருங்கள். ஏழாம் நாள் காலைப் பேருந்தில் ஹானியா திரும்பினால், இரவுக் கப்பலுக்கு முன் இன்னொரு முறை கடலில் இறங்க நேரம் இருக்கும். ஈரத் துணியைப் போட்டுக்கொள்ள ஒரு தனிப்பை மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.